மாப்பிள்ளை இல்லாத சீர்வரிசை

“மாப்பிள்ளை எங்கம்மா?”

பினாங்குப் படகுத்துறையான ஃபெர்ரி ஜெட்டியில் டிக்கெட் கிழிக்கிறவர் கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. காலை வெயிலில் புதுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு தெருவே பித்தளைத் தட்டுகளை ஏந்திக்கொண்டு நிற்கிறது. அதற்கும் பின்னால் ஒரு ரிக்‌ஷாவில் அம்மிக்கல், குழவியோடு, சவாரி வந்த ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வேறு என்னதான் கேட்பார் மனுஷன்?

அந்தப் பெண் நான்தான். எனக்குக் கல்யாணமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சிங்கப்பூரில் காலேஜில் சேரப் புறப்பட்டிருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள், அப்போதுதான் அக்கரையில் பிறை என்கிற ஊரிலிருந்து வந்த ஃபெர்ரியை விட்டு இறங்கிய என் அத்தை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் பட்டுச்சேலை, வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டு. இன்னொரு கையில் அவள் மகன், என் அந்தோணி அத்தான்.

“மாப்பிள்ளைதானே? இதோ இருக்கான்!” என்று அவரை முன்னால் தள்ளிவிட்டாள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஃபெர்ரி புறப்படும். அதில் நான் ஏறுவேனா, இல்லை அத்தையின் தட்டு ஏந்திய மருமகளாக வீட்டுக்குத் திரும்புவேனா என்பது அந்த நிமிஷத்தில் யாருக்கும் தெரியாது.

ரயில் வராத ஸ்டேஷன்

இருங்கள். அந்தத் தட்டை அத்தை கையிலேயே விட்டுவிட்டு, பினாங்கைத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஜெட்டிக்கு எதிரே மணிக்கூண்டு வைத்த பெரிய ரயில்வே ஸ்டேஷன் இருந்தது. டிக்கெட் கொடுப்பார்கள், பெட்டி படுக்கையை எடை போடுவார்கள், எல்லாம் நடக்கும். ரயில் மட்டும் வராது. தீவுக்குள் தண்டவாளம் ஏது? டிக்கெட் வாங்கிக்கொண்டு ஃபெர்ரியில் ஏறி, அக்கரையில் பிறைக்குப் போய்த்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும். ஊருக்குப் புதுசாக வந்தவர்கள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து ரயில் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே அங்கே போவோம். போக்கிரிப் பிள்ளைகள்.

அந்த ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்தான் என் அப்பாவுக்கு வேலை. கப்பலில் ஏறுகிற மூட்டையையும் இறங்குகிற மூட்டையையும் எண்ணுகிற கிராணி. காதில் பென்சில் செருகியிருக்கும். விரல் கணுக்களில் கட்டைவிரலை ஓட்டி ஓட்டி எண்ணுவார். வேலை முடிந்து வந்தாலும் அந்தக் கட்டைவிரல் நிற்காது. பூசை நேரத்தில் பீடத்து மெழுகுவர்த்திகளை எண்ணுவார். சாப்பிடும்போது முருங்கைக்காய்த் துண்டுகளை எண்ணுவார். “இது என்ன, மூட்டையா? தின்னுங்க!” என்று அம்மா சத்தம் போடுவாள்.

ஒரு நாளும் அவர் எண்ணிக்கை பிசகியது கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை சொன்னால் சொன்னதுதான்

அப்பாவுக்கு இல்லாத ஒரே திறமை, அவருடைய அக்காவிடம் “இல்லை” என்று சொல்வது.

அத்தை அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தாள். தாய் தகப்பன் போன பிறகு அப்பாவை வளர்த்து, கப்பலேற்றி, இந்த ஊருக்குக் கூட்டி வந்து, கல்யாணமும் செய்துவைத்தது அவள்தான். அப்பேர்ப்பட்ட அக்கா, நான் பிறந்த அன்றைக்கே தொட்டிலை எட்டிப் பார்த்து, “இது என் அந்தோணிக்கு” என்று சொல்லிவிட்டாள். மாமன் மகள், அத்தை மகன், முறை சரி. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்பதால், நெருங்கிய சொந்தத்தில் கட்டுவதற்குக் கோயிலில் சாமியாரிடம் ஒரு விலக்கு வாங்க வேண்டும். அதையும் தானே வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

அத்தை கெட்டவள் இல்லை. முறை என்றால் அவளுக்கு உயிர், அவ்வளவுதான். ஒரு தடவை எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெண் வீட்டுச் சீர் பந்தல் வாசலுக்கு வந்தது. அத்தை குறுக்கே கையை நீட்டி எல்லோரையும் நிறுத்தினாள். “தட்டு ரெட்டைப்படையா இருக்கு. உள்ள வரக்கூடாது.” அவ்வளவு பேரும் வெயிலில் காய, ஓர் ஆள் ஓடிப்போய் யார் வீட்டிலோ ஒரு பூசணிக்காயைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்த பிறகுதான் வழி விட்டாள். ஒற்றைப்படை இல்லாமல் ஒரு சீர்த்தட்டு வாசல் தாண்டக்கூடாது என்பது அவள் சட்டம்.

இப்படிப்பட்ட அத்தையிடம் போய், “உன் மருமகள் சிங்கப்பூருக்குப் படிக்கப் போகிறாள்” என்று யார் சொல்வது?

பரீட்சை முடிவு வந்தபோது அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சிங்கப்பூர்க் காலேஜில் இடமும் கிடைத்து, செலவுக்கு உதவியும் கிடைத்ததும் சூலியா தெரு முழுக்க அதைச் சொல்லிவிட்டு வந்தார். வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் முகம் வாடிப்போயிற்று.

“அக்கா என்ன சொல்லும்?” என்றார்.

அதற்குப் பிறகு பல நாள் அவர் வாயில் வந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

அடுப்படியில் தொப்பி

என் ஆசிரியை மிஸ் டோரா எங்கள் ஊர்ச் சட்டைக்காரப் பெண்மணி, வெள்ளைக்காரக் கலப்பு. கவுனும் தொப்பியுமாக வருவார், அன்னாசி டார்ட் பிரமாதமாகச் செய்வார். நான் காலேஜ் போக வேண்டுமென்று என்னைவிட அவருக்குத்தான் பிடிவாதம்.

முதலில் ஒரு டப்பா டார்ட்டோடு வந்து கூடத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் இங்கிலீஷில் பேசினார். படித்தால் என்ன ஆகலாம், பெண்பிள்ளைகள் எப்படியெல்லாம் முன்னுக்கு வருகிறார்கள் என்றெல்லாம் எடுத்துச் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் “எஸ் மிஸ், எஸ் மிஸ்” என்றார். அவர் படி இறங்கியதும் என்னிடம் திரும்பி, “அக்கா என்ன சொல்லும்?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மிச்சமிருந்த டார்ட் எல்லாவற்றையும் நானே தின்றேன்.

மிஸ் டோரா லேசுப்பட்டவரா? அடுத்த முறை கூடத்தில் நிற்காமல் நேராக அடுப்படிக்குப் போனார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் பலகையை இழுத்துப் போட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்தது பாசார் மலாய், மீன்காரனிடம் பேரம் பேசுகிற மலாய். அதில்தான் என் எதிர்காலம் பேசப்பட்டது.

“அங்க என் பொண்ணை யார் பாத்துக்குவா?” என்றாள் அம்மா.

“ஹாஸ்டல்லே ஒரு மேம் இருக்காங்க. ரொம்பக் கண்டிப்பு.”

“வெளிய தெருவ போறதுன்னா?”

“மேம்கிட்டே கேக்கணும். கேக்காமப் போனா, தா போலே, கூடவே கூடாது!” என்று மிஸ் டோரா விரலை ஆட்டினார்.

“சாப்பாடு?”

“மணி அடிச்சாத்தான். போட்டதைத்தான் சாப்பிடணும்.”

“இங்க வரணும்னா?”

“லீவு விட்டா அனுப்புவாங்க.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“அட, மாமியார் வீடுதானே!” என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். “இதை முன்னாடியே சொல்லக் கூடாதாடி? இத்தனை நாளு நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன்லா.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. காலேஜ் என்றால் பெரிய கட்டிடம் ஒன்று, அதன் வாசலில் பெட்டியோடு நான் அநாதையாக நிற்பேன், யாரும் சோறு தின்றாயா என்று கேட்க மாட்டார்கள் என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். பாவம், அது தெரியாமல் அவள் உம்மென்று இருந்ததற்கெல்லாம் நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அங்கே ஒரு வீடு இருக்கிறது, வீட்டில் கண்டிப்பான ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. மாமியார் வீட்டுக்கு மகளை எப்படி அனுப்ப வேண்டுமென்று அவளுக்கா தெரியாது?

“ஒத்தைப் பெட்டியோட அனுப்ப முடியுமா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க? சீர் வைக்கணும்” என்றாள்.

மைக்கூடும் மல்லிகையும்

நான் ஆடித் தீர்த்துவிட்டேன். “காலேஜுக்கு யாராவது சீர் எடுத்துட்டுப் போவாங்களா? மானம் போகுதும்மா!” என்று கத்தினேன். “சும்மா இருடி, உனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள் அம்மா. ஒரே ஓட்டமாக மிஸ் டோராவிடம் போய் முறையிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஹாஸ்டலுக்கு ஒரு பெட்டிதான் கொண்டு வரலாம்னு சட்டம். அம்மிக்கல்லைப் பத்திச் சட்டத்திலே ஒண்ணுமில்லை” என்றார். ஆசிரியை பேசுகிற பேச்சா இது?

சந்தில் சேதி பரவியது. எங்கள் தெருவிலிருந்து எந்தப் பெண்ணும் அதுவரை காலேஜுக்குப் போனதில்லை. அதற்கு என்ன செய்ய வேண்டும், என்ன கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்கள். சீர் என்றதும் எல்லோருக்கும் வழி தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜைனம்பு மாமி தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டுப் பெரிய தாம்பாளம் நிறையத் தொதல் கிண்டிக் கொண்டுவந்தார். “எங்க வீட்டுப் பொண்ணுந்தான்லா இது” என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார்.

ஒரு தட்டில் முறுக்கு, ஒரு தட்டில் சோப்பும் பவுடரும், ஒரு தட்டில் மாதா சுரூபமும் செபமாலையும். இன்னொன்றில் மைக்கூடு, பேனாக்கட்டை, அடிக்கோல், இங்கிலீஷ் அகராதி. அகராதிக்கு மல்லிகைச்சரம் சுற்றியிருந்தார்கள். கோயில் பேண்டு வாத்தியம் மட்டும்தான் வரவில்லை. அம்மா போய்க் கேட்டிருந்தாள், சாமியார் சிரித்து மழுப்பிவிட்டார்.

அந்த அம்மிக்கல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். படித்து முடிக்கும்வரை அது என் ஹாஸ்டல் அறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தது. சனிக்கிழமைகளில் சீனப் பெண்களும் சிலோன் பெண்களும் அதில் மிளகாய்ச் சம்பல் அரைத்தார்கள். கண்டிப்பான அந்த மேம், சம்பல் அரைக்கிற நாளில் மட்டும் எங்கள் அறையைச் சோதனை போட வருவார்.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தார். கூடத்தில் வரிசையாக இருந்த தட்டுகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கட்டைவிரல் கணுக்களில் ஓடியது. பிறகு குனிந்து வாழைப்பழத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

“ஏங்க, அதை ஏன் எடுக்கிறீங்க?” என்றாள் அம்மா.

“ரொம்பக் கனிஞ்சு போச்சு” என்றார் அப்பா.

அத்தைக்குச் சொன்னாரா இல்லையா என்று நான் கேட்டேன். “சொல்லியாச்சு. ஜெட்டிக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணச் சொல்லி ஆள் விட்டிருக்கேன்” என்றார். அத்தையிடமிருந்து பதில் வந்ததா என்றால், வரவில்லை.

ஜெட்டியில்

இப்போது அத்தை நீட்டிய தட்டுக்கு வருவோம்.

“மாப்பிள்ளை இதோ இருக்கான்” என்று அத்தை சொன்னதும் டிக்கெட்காரர் முகத்தில் நிம்மதி. அந்தோணி அத்தான் முகத்தில்தான் அது இல்லை. அவர் என்னைப் பார்த்து, நான் என்ன செய்ய என்கிற மாதிரி தோளைக் குலுக்கினார். தோட்டத்தில் அவருக்கு வேறு ஓர் இடத்தில் மனசு இருந்தது என்பது அத்தைக்கு மட்டும்தான் தெரியாது.

“ஞானம், உம் பொண்ணு படிச்சது போதும். தட்டை வாங்கு” என்று அத்தை அம்மாவிடம் தட்டை நீட்டினாள்.

அம்மா கையைக் கட்டிக்கொண்டாள். அவள் நாத்தனார் முன்னால் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

“அண்ணி, நீங்க கொஞ்சம் லேட்டா வந்துட்டீங்க. பொண்ணைக் கொடுத்தாச்சு.”

“கொடுத்தாச்சா? யாருக்கு?”

“சிங்கப்பூரு காலேஜுக்கு.”

“என்ன பேச்சுடி இது?”

“நீங்களே பாருங்க அண்ணி. சீர் வச்சாச்சு. நெத்தியிலே சிலுவை போட்டு வாசப்படி தாண்ட வச்சாச்சு. தெருவே பாத்துச்சு. ஒரு வீட்டுக்குன்னு கொடுத்த பொண்ணை நடு வழியிலே நிறுத்தி இன்னொரு வீட்டுக்கு மாத்தித் தர்றது நம்ம முறையிலே இருக்கா? இருக்குன்னு நீங்க சொல்லுங்க, நான் தட்டை வாங்கிக்கிறேன்.”

ஜைனம்பு மாமி, “அதானே!” என்றார். தெருவே “அதானே!” என்றது.

அத்தையை முறையிலேயே ஒருவர் மடக்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஆனால் அவள் சுலபத்தில் விடுகிறவளா? அப்பா பக்கம் திரும்பினாள்.

“தம்பி, அவ பேசட்டும். நீ சொல்லுடா. உன்னை நான் வளத்தேன். இந்தப் பொண்ணு யாருக்கு?”

ஃபெர்ரி ஒரு தடவை சங்கு ஊதியது. மிஸ் டோரா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். துணைக்குச் சிங்கப்பூர்வரை வருவதற்காகப் பெட்டியோடு நின்றிருந்தார். அப்பா அக்காவின் முகத்தைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. முடிந்தது கதை, சுங்கை பாக்காப்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா காதிலிருந்து பென்சிலை எடுத்தார். சும்மா கையில் வைத்துக்கொண்டார்.

“அக்கா, நீ ஒருதரம் தட்டை எண்ணிப் பாரேன். முறை தப்பாம இருக்குன்னு நீ சொன்னாத்தான் எனக்கு நிம்மதி” என்றார்.

யார் எப்படிப்பட்ட சண்டையில் இருந்தாலும் அத்தையிடம் அப்படிக் கேட்டால் அவள் எண்ணாமல் இருக்க மாட்டாள். வரிசையாக விரலை நீட்டி எண்ணிக்கொண்டே போனாள். கடைசித் தட்டில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடப் பாவிகளா, ரெட்டைப்படை!”

“ஐயையோ” என்றாள் அம்மா, நிஜமாகவே பதறி.

“ஒரு பொம்பளைப் பிள்ளையை இப்படியா வீட்டை விட்டு அனுப்புவீங்க? கடல் தாண்டிப் போற பிள்ளை! நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யாருடா பதில் சொல்றது? போடா, போயி ஒரு தட்டு கொண்டா!”

“இப்ப எங்க போக அக்கா? ஃபெர்ரி போயிரும்.”

சங்கு இரண்டாம் தடவை ஊதியது. அத்தை சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். பட்டுச்சேலையின் சரிகையைப் பெருவிரலால் ஒரு முறை தடவினாள். எத்தனை வருஷத்து ஆசை அது! அந்த நிமிஷத்தில் எனக்கு அத்தை மேல் வந்த பாசம் அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

“வச்சிரும்மா” என்றார் அந்தோணி அத்தான் மெதுவாக.

அத்தை தட்டை என் கையில் வைத்தாள். வைத்துவிட்டு என் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டாள்.

“போ. நல்லாப் படி. ஃபெயிலாகி வந்தே, உன்னை மட்டுமில்ல, உங்கப்பனையும் சேத்து ஜெட்டியிலே தள்ளிருவேன்” என்று சொல்லிவிட்டு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். உடனே தெருக்காரர்களைப் பார்த்து, “என்ன நிக்கிறீங்க? ஏத்துங்க! அந்தத் தொதலைச் சாய்க்காமத் தூக்குங்க!” என்று அதட்ட ஆரம்பித்தாள். சீர் இப்போது அவள் கைக்குப் போய்விட்டது.

டிக்கெட்காரருக்குத்தான் இன்னும் தெளியவில்லை. “அப்ப மாப்பிள்ளை வரலையா?” என்றார்.

அந்தோணி அத்தான் ரிக்‌ஷாவிலிருந்த அம்மிக்கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டே, “நான் இதைத் தூக்க வந்தவன் அண்ணே” என்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷன் கல் சுமந்து நான் பார்த்ததில்லை.

அக்கரைக்கு

ஃபெர்ரி நகர்ந்தது. சீர்ச் சாமான் எல்லாம் கூடைக்குள் போய், தட்டுகள் தெருக்காரர்களிடம் திரும்பியிருந்தன. அத்தையின் தட்டு மட்டும் என் மடியில். கரையில் அம்மாவும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அழுதார்கள். அழுதுகொண்டே ஏதோ சண்டையும் போட்டார்கள் என்று கையாட்டத்தில் தெரிந்தது.

அப்பா பிறைவரைக்கும் வந்தார். அதற்கு மேல் லீவு கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

“அப்பா, நேத்து அந்த வாழைப்பழம் நல்லாத்தானே இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்ப ஏன் எடுத்தீங்க?”

அப்பா என் மடியிலிருந்த தட்டைக் காட்டினார். “இதுக்கு இடம் வேணும்லா?”

“அத்தை தட்டோட வருவாங்கன்னு எப்படித் தெரியும்?”

“உங்க அத்தை எங்கயாவது வெறுங்கையோட போயிருக்காளா?” என்றார்.

பிறையில் ரயில் நின்றிருந்தது. என்னையும் மிஸ் டோராவையும் ஏற்றிவிட்டு, அம்மிக்கல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கினார். ஜன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். நான் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ரயில் நகர்ந்தது. தலையை நீட்டிப் பார்த்தேன். அப்பா கையாட்டவில்லை. உதடு மட்டும் அசைய, கண்ணில் தண்ணீர் வழிய, தன்னைத் தாண்டிப் போகிற ரயில் பெட்டிகளைக் கட்டைவிரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.